பாலையில் பச்சையாக நின்றதைப் பார்த்திருக்கிறீர்களா?

மணல்மேடு:
அமீரகத்தில் அல் ஐன் பக்கம் குழாய் பதிக்கும் வேலையில் 3 வருடம் இருந்தேன். கோடையில் பன்னிரண்டரையிலிருந்து 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது அங்கே சட்டம். ஷெட்டுக்கு நடக்கச் சோம்பல்பட்டு, பக்கத்தில் நின்ற ஒரு மரத்தடியில் படுத்துவிடுவேன். அரபிகள் அதை காஃப் என்பார்கள். எங்கள் பாகிஸ்தான் டிரைவருக்கு அது ஜண்ட்.

ஒருநாள் சும்மா ஒரு கொத்தைக் கிள்ளினேன். அரிசி அளவில் சிற்றிலை. எங்கேயோ பார்த்த இலை. வீடியோ கால் போட்டு அம்மாவிடம் காட்டினேன். "அட, நம்ம விருத்தாசலம் கோயில் வன்னிடா! அது எப்படி அங்க வந்துச்சு?"

அது எங்கேயிருந்தும் வரவில்லை, அங்கேயும் அதுதான் சொந்த மரம். வெட்டத் தடை என்பதால் குழாய்ப் பாதையையே வளைத்தோம். தள்ளித் தோண்டிய பள்ளத்திலும், இரண்டாள் ஆழத்தில், விரல் தடிமன் வேர் ஒன்று இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. 30 மீட்டருக்கும் போகுமாம். மேலே மழை பெய்தால் என்ன, பெய்யாவிட்டால் என்ன அதற்கு?

ஜோத்பூர் தமிழன்:
அண்ணே, இங்கே அதன் பெயர் கேஜ்ரி. ராஜஸ்தானின் மாநில மரம். ஊரே காய்ந்து கிடக்கும் ஏப்ரல், மே மாதத்தில் இது தளிர்விடும். முதல் வருடம் பார்த்தபோது நம்பவே முடியவில்லை. கம்பு வயலின் நடுவே விட்டுவைப்பார்கள். மண்ணில் தழைச்சத்து சேர்க்கும், தழை ஆட்டுக்கு. பிஞ்சுக் காயைக் காயவைத்து சாங்ரி என்று விற்கிறார்கள். என் மனைவி அதில் புளிக்குழம்பே வைத்துவிட்டாள், நம்ம வற்றல் குழம்பு தோற்றது. 1730-ல் கேஜட்லி கிராமத்தில் இந்த மரங்களை வெட்டவிடாமல் கட்டிப்பிடித்து உயிர்விட்ட பிஷ்னோய் சமூகத்தார் 363 பேர்.

எருக்கம்பூ:
வன்னிக்கு ஆழத்து நீர் இருக்கிறது, பாவம் எருக்கு? ஷார்ஜாவில் எங்கள் கேம்ப் பின்னாடி குப்பைமேட்டில் நின்றது. இலையைத் தேய்த்தால் மாவு மாதிரி விரலில் ஒட்டும். அந்தப் பூச்சுதான் ஈரத்தை வெளியே விடாமல் காக்கிறது. கிள்ளினால் பால். மேய வரும் ஆடுகள் முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். நம்மூர் எருக்கைவிடப் பூ கொஞ்சம் சின்னது. பிள்ளையார் சதுர்த்திக்கு அதைத்தான் பறித்து மாலை கட்டினோம்.