மறு: ஆடிக்கு அடியில் வைப்பதை எப்படிச் சொல்வது?

அன்பின் குழுவினருக்கு,

செயற்பாட்டுத் தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஹட்டனில் 10ஆம் தரப் பிள்ளைகள் 6 அங்குலக் கண்ணாடி வட்டைத் தேய்த்துத் தொலைகாட்டிக்கு ஒளியைக் குவிக்கும் ஆடி செய்யப்போகிறார்கள். தேய்க்கும்போதும் மெருகிடும்போதும் வட்டுக்கு அடியில் இருப்பதற்கு இன்னும் பெயர் முடிவாகவில்லை.

> தாங்கு + இ = தாங்கி. இடிதாங்கி, சுமைதாங்கி போல. ஆடித்தாங்கி என்றே வைப்போம்.

இலக்கணத்தில் குறையில்லை ஐயா. ஆனால் பேரிங்குக்கும் தாங்கி என்றுதான் எழுதுகிறோம். என் பயம் அதைவிடப் பெரியது. தாங்கி என்றதும் கை இறுக்கப் பார்க்கும். என் முதல் ஆடியை மூன்று மரக்கட்டைகளுக்கு நடுவே அசையாமல் இறுக்கித்தான் மெருகிட்டேன். இறுக்கினால் கண்ணாடி கண்ணுக்குத் தெரியாமல் வளைகிறது. கழற்றியதும் அது நிமிர, நாம் மெருகிட்ட பரப்பு கோணிவிடுகிறது. அந்த ஆடியில் பார்த்தபோது நட்சத்திரம் புள்ளியாக நிற்காமல் கோடாக நீண்டது. கண்வில்லையைக் குவியத்துக்கு அப்பால் நகர்த்தினால் அதே கோடு குறுக்கே திரும்பியது. ஒரு மில்லிமீற்றரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு பிழைகூட இங்கே அதிகம். கட்டைக்கும் வட்டுக்கும் நடுவே ஒரு கடதாசி நுழைய வேண்டும். அடியில் பழைய கம்பளத் துண்டு போதும். அப்புறம், சில நிமிடத்துக்கு ஒருமுறை வட்டைக் கொஞ்சம் திருப்பி வைக்க வேண்டும்.

> தலையணையில் உள்ள அணை. ஆடியணை அழகான சொல்.

அழகுதான். ஆனால் நம் பிள்ளைகளுக்கு அணை என்றால் காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்கள்தான்.

அதனால் மறுபடியும் சும்மாடு என்கிறேன். தலைக்கும் சுமைக்கும் நடுவே, எதையும் பிடிக்காமல், பாரத்தைப் பரப்பிவிடும் துணி. விறகுக் கட்டு தூக்கிய வீட்டில் அதை விளக்கத் தேவையில்லை. அது ‘சுமையடை’யின் திரிபு என்று பண்டாரவளை ஐயாவும், இல்லையென்று பதுளை டீச்சரும் எழுதிய பதினொரு மடல்களையும் விடாமல் படித்தேன். வேர் எதுவானாலும் எனக்குச் சம்மதம். கொச்சை என்று ஒதுக்குவதை மட்டும் ஏற்க மாட்டேன். நம் அம்மாமார் வாயில் பிசகாமல் வாழ்ந்த சொல் அது.

இதுவரை ஐந்து பேர் தாங்கிக்கு, மூன்று பேர் சும்மாட்டுக்கு. சரி, தாளில் ஆடித்தாங்கி என்றே போகட்டும். முதல் முறை வரும் இடத்தில் ‘சும்மாடு போல, இறுக்காமல்’ என்று மூன்று சொல் சேர்க்க இடம் கேட்கிறேன். வியாழன் மாலைக்குள் பதில் போடுங்கள்.