கோட்டைமுனைக் கடைத்தெருவில் வாகனம் நிறுத்தக் காசு வாங்க வேணுமா, வேணாமா?

வாவிக்கரை
மட்டக்களப்பு டவுனுக்குள்ள, முக்கியமாக் கோட்டைமுனைக் கடைத்தெருக்களில, வாகனம் நிறுத்துறதுக்கு நேரத்தைப் பார்த்துக் காசு வாங்க வேணும் எண்டு சொல்றன். முதல் 20 நிமிஷம் இலவசம். அதுக்குப் பிறகு அரை மணித்தியாலத்துக்கு இவ்வளவு எண்டு கட்டணம், ரெண்டாவது மணித்தியாலத்தில இருந்து இரட்டிப்பு. தெருவின்ட ஒரு பக்கத்தில மட்டும்தான் நிறுத்தலாம். கடைக்காரர் கனபேருக்கு இது பிடிக்காது எண்டு தெரியும். அதால கணக்கை முதல்ல வைக்கிறன்.

9 மீற்றர் தார் உள்ள தெருவை எடுங்க. ரெண்டு பக்கமும் கார் நிண்டா, பக்கத்துக்கு 2.2 மீற்றர் வீதம் 4.4 போயிடும். மிஞ்சுறது 4.6. பஸ்சின்ட அகலம் 2.5. ரெண்டு பஸ் எதிரெதிரா வந்தா ஒண்டு நிக்கத்தான் வேணும். நிண்டா பின்னால வாற பைக் எல்லாம் எதிர்ப்பக்கத்தில ஏறும், அதோட தெரு பூட்டு. ஒரு பக்கம் மட்டும் நிறுத்தினா 6.8 மீற்றர் மிஞ்சும். போக 3.4, வர 3.4. அது தாராளம்.

ஆனா பாதி இடம் குறையுது. மிச்ச இடத்தில வாகனம் மாறி மாறி வந்தாத்தான் கடைக்கு ஆள் வரும். காலை 8 மணியில இருந்து பின்னேரம் 6 மணி வரை 10 மணித்தியாலம். ஒரே கார் முழுநாளும் நிண்டா அந்த இடத்தால ஒரு ஆள்தான் வந்தது. அரை மணித்தியாலத்துக்கு ஒண்டு மாறினா 20 பேர். போலீஸ் வந்து விரட்டி இந்த மாற்றம் நடக்காது. காசுதான் மாத்தும்.

சில்லறைக்கடை
தம்பி, கணக்குச் சரி, நோய் வேற. முழுநாளும் தெருவோரத்தில நிக்கிறது ஆருட வாகனம்? சாமான் வாங்க வாறவர்ட இல்ல. முதலாளிமார்ட வான், கடையில வேலை செய்யிற பொடியன்மார்ட பைக், வங்கியிலயும் கந்தோர்லயும் வேலை செய்யிறவங்கட பைக். இவங்க எட்டு மணிக்கு முதலே நல்ல இடத்தைப் பிடிச்சிருவாங்க.

மறுகா, காசு வாங்கிறது ஆர்? வழமை என்னெண்டா, மாநகர சபை கேள்விப்பத்திரம் கோரும், எடுத்தவர் வருஷத்துக்கு ஒரு தொகையைக் கட்டிட்டு ஆள் வச்சு அறவிடுவார். அவருக்கு லாபம் கிழிச்சுக் குடுக்கிற கட்டணத் துண்டின்ட எண்ணிக்கையில. இடம் காலியா இருந்தா அவருக்கு நட்டம். அதால மஞ்சள் கடவைக்கு மேல நிண்டாலும், சந்தி வளைவுல நிண்டாலும் துண்டைக் கிழிச்சுத் தருவார். துண்டு கையில இருக்கிறவரைப் பொலிஸ் எப்பிடி எழுப்பும்? நெரிசலுக்கு ரசீது குடுத்த மாதிரி ஆகிடும்.

தெருவைப் பூட்டுறது கார் இல்ல, சாமான் லொறி. அதுக்கு வழி சொல்லுங்க முதல்ல.

மூணு சில்லு
ஓட்டோக்காரரை ஆரும் கேக்கல, நானே சொல்றன். ஒரு ஓட்டோ நீளம் 2.6 மீற்றர், இடைவெளியோட 3 மீற்றர். ஸ்டாண்டில 10 ஓட்டோ நிண்டா 30 மீற்றர், அதாவது 5 கார் இடம். எங்களுக்கும் காசு எண்டா, ஓட்டம் இல்லாத நேரம் நிண்டதுக்கும் கட்ட வேணும். அந்தக் காசு கடைசியில ஏறி வாற சனத்தின்ட தலையிலதான் விழும்.

வழி இருக்கு. முன்னுக்கு 3 ஓட்டோ மட்டும் நிக்கட்டும், மிச்சம் பின்தெருவில. முன்னால ஒண்டு போனா பின்னால இருந்து ஒண்டு வரும். இது பிழைக்கிற இடம் ஒண்டுதான்: பின்தெருவில நிக்கிறவருக்குத் தன்ட முறை போயிடும் எண்ட பயம். காலையில வந்த ஒழுங்கில நம்பர் அட்டை குடுத்து, சங்கத்தில ஒருத்தர் முன்னுக்கு நிண்டு போன்ல கூப்பிட்டாப் பயம் போயிடும். வெளி ஓட்டோ இடையில புகுந்து ஏத்தினா அடுத்த நாளே எல்லாரும் முன்னுக்கு வந்து நிப்பாங்க. சங்கம் கையில எடுக்காம சபை மட்டும் பலகை நட்டுச் சரிவராது.

வாவிக்கரை
@சில்லறைக்கடை அண்ணன், கேள்விப்பத்திரத்துக்கு நானும் எதிர்ப்புத்தான். சபையே ஆள் வச்சு, நேரம் அடிச்சு வாற கையடக்க மெசினால அறவிட வேணும். மாதப் பாஸ் குடுக்கவே கூடாது. குடுத்தா அது முதலாளிமார்ட இடமா மாறிடும். நீங்க சொன்ன அந்த முழுநாள் வாகனங்களைத்தான் இந்தக் கட்டணம் அடிக்கும். 20 நிமிஷத்தில மருந்தும் மாவும் வாங்கிட்டுப் போறவர் ஒரு சதமும் கட்டமாட்டார்.

கட்டணத்தின்ட அளவு, ஏழு இடத்துக்கு ஒரு இடமாவது எந்த நேரமும் காலியா இருக்கிற மாதிரி இருக்க வேணும். ஒண்டுமே காலி இல்லாட்டிக் கட்டணம் போதாது, பாதி காலியெண்டாக் கூடிப்போச்சு. சான் பிரான்சிஸ்கோவில 2011இல் தொடங்கின பரீட்சார்த்தத் திட்டத்திலயும் தெருவுக்குத் தெரு இப்பிடித்தான் கட்டணத்தைக் கூட்டிக் குறைச்சாங்க.

பேரீச்சை
காத்தான்குடியில இருந்து எழுதுறன். ஒரு பக்கத் தரிப்பு எண்டு சொல்லுற தம்பி, நடுவுல பிரிப்புப் போட்ட வீதியில அது வேற மாதிரி எண்டதைக் கவனிக்கணும். எங்கட பிரதான வீதி A4. நடுவுல பேரீச்ச மரம் நட்ட பிரிப்பு இரிக்கி. அது நல்லது, கண்ட இடத்தில ஆரும் திரும்பேலாது. ஆனா பிரிப்புள்ள வீதியில ஒரு வாகனம் ரெண்டாவது வரிசையா நிண்டாப் பின்னால வாறது விலத்திப்போக எதிர்ப்பக்கமே இல்ல. முழு வரிசையும் நிண்டிரும். நோன்பு காலத்துப் பின்னேரமும், பெருநாளுக்கு முந்தின கிழமையும் ஒரு வான் அஞ்சு நிமிஷம் நிண்டாலே போதும். அந்த மாதிரி வீதியில ஓரத்தரிப்பையே எடுத்துட்டு, குறுக்கு ஒழுங்கைகளுக்குள்ள 30, 40 மீற்றர் உள்ளுக்கு இடம் குடுக்கணும். காசு வாங்கினாலும் வாங்காட்டியும் இதுதான் முதல் வேலை.

இன்னொண்டு, A4உம் திருகோணமலை வீதியும் சபைக்குச் சொந்தமில்ல. வீதி அபிவிருத்தி அதிகார சபைட. அவங்கட சம்மதம் இல்லாமச் சபை கோடு கீறவும் ஏலாது, கம்பம் நடவும் ஏலாது. கட்டணத்துக்கு உபவிதி வேணும், அது வர்த்தமானியில வந்தாத்தான் செல்லும். இல்லாட்டி ஒருத்தர் கட்டமாட்டன் எண்டா ஒண்டும் செய்யேலாது.

அளவுநாடா
தரையைப் பற்றி யாரும் பேசவில்லை. நடைபாதை என்று நாம் சொல்வது பெரும்பாலும் வடிகானின் மூடிதான். அந்தக் கொங்கிறீட் பலகைகள் 75 முதல் 100 மில்லிமீற்றர் தடிப்பு, ஆள் நடப்பதற்காக வார்த்தவை. சாமான் ஏற்றிய கன்டர் லொறியின் பின்சில்லு ஒன்று ஏறினால் நடுவில் வெடிக்கும், அடுத்த முறை உள்ளே விழும். விழுந்த துண்டும் மண்ணும் கானை அடைக்கும். கார்த்திகை, மார்கழி மழைக்கு அந்தத் தண்ணீர் தெருவில் நிற்கும், வாகனங்கள் பள்ளத்தை விட்டு நடுவுக்கு நகரும், 6.8 மீற்றர் 5 ஆகிவிடும். கட்டணம் வைத்தால் காசு கட்ட விரும்பாதவர் முதலில் ஏறுவது இந்த மூடியின் மேல்தான்.

ஆகவே தடுப்புக் கம்பம் இல்லாமல் கட்டணத்தைத் தொடங்கவே கூடாது. 4 அங்குல இரும்புக் குழாய், உள்ளே கொங்கிறீட், நிலத்துக்கு மேல் 900 மில்லிமீற்றர், கீழே 450. கம்பத்துக்குக் கம்பம் 1.2 மீற்றர். சக்கர நாற்காலி போகும், கார் போகாது. கானுக்கும் தாருக்கும் இடையிலுள்ள கல்லோரத்தில் குழி எடுக்க வேண்டும். மூடியில் துளைத்து நட்டால் ஒரு இடிக்கே மூடியோடு கழன்று வரும். பைக்கை இது தடுக்காது. பைக்குக்குத் தனி இடம் கொடுத்தால்தான் அது நடைபாதையில் ஏறாது: ஒரு காரின் 6 மீற்றருக்குள் 0.9 மீற்றர் வீதம் 6 பைக் செங்குத்தாக நிற்கும், ஆழம் அதே 2.2 மீற்றருக்குள் அடங்கும். நம் ஊரில் பைக்தான் அதிகம் என்பதால் மூன்று இடத்தில் இரண்டை பைக்குக்கே ஒதுக்கலாம்.

கோடு போடும் காலமும் முக்கியம். சாதாரண வீதிப் பெயின்ற் சில மாதங்களில் தேய்ந்துவிடும். உருக்கி ஊற்றும் தெர்மோபிளாஸ்டிக் 2 முதல் 3 மில்லிமீற்றர் தடிப்பில் நிற்கும், ஆனால் ஈரத்திலும் மண்ணிலும் ஒட்டாது. மாரி தொடங்கிய பின் போட்டால் தோலாக உரியும். பங்குனிக்கும் ஆவணிக்கும் இடையில், தெருவைக் கூட்டி, மண்ணை ஊதி நீக்கிவிட்டுப் போட வேண்டும்.

சில்லறைக்கடை
அளவுநாடா ஐயா சொன்னது முழுக்கச் சரி. இப்ப என்ட லொறிக்கு வாறன்.

கன்டர் நீளம் 6 மீற்றர். பின்கதவு திறந்து ஆள் நிண்டு மூட்டை இறக்க இன்னும் 3 மீற்றர். முன்னுக்கு எடுக்க 1 மீற்றர். ஆக 10 மீற்றர் வேணும். 6 மீற்றர் காரிடத்தில லொறி நேரா ஒதுங்காது, மூக்கை உள்ளுக்கு விட்டு வாலைத் தெருவில வச்சிட்டு நிக்கும். அதுதான் பூட்டு. இறக்கிற இடம் எண்டு 10 மீற்றர், தெருவுக்கு ரெண்டு, குறுக்கு ஒழுங்கை வாசலுக்குப் பக்கத்தில குடுங்க. அங்க இருந்து தள்ளுவண்டியில கடைக்குக் கொண்டு போறம்.

"விடிய 7 மணிக்கு முதல் இறக்குங்க" எண்டு கனபேர் சொல்லுவாங்க. கொழும்பு லொறி இரவிரவா ஓடி விடியப்புறம் வரும், சரி. ஆனா சாமானை எண்ணி இன்வொய்சில கையெழுத்து வைக்க ஆள் வேணும், கடை திறந்திருக்க வேணும். பெரிய கடைக்கு அது ஏலும். சின்னக் கடைக்கு பாண், பால், குளிர்பானம் எல்லாம் 5, 10 நிமிஷத்து இறக்கம், நாளைக்குப் பல தரம். ரெண்டுக்கும் ஒரே நேரக்கட்டுப்பாடு போடேலாது. பெரிய லொறிக்கு விடிய 5 முதல் 7.30 வரை. சின்ன வாகனத்துக்குப் பகல்ல 15 நிமிஷம், ஆனா 1 மணி முதல் 2 மணி வரை இல்ல. 1.30க்குப் பள்ளிக்கூடம் விடும்.

இதை முதல்ல 3 மாசம் செய்து பாருங்க, காசு இல்லாம. தெரு ஓடும்.

ஆஸ்பத்திரி ரோட்
கோட்டைமுனையில காசு எண்டா அந்த வாகனம் எங்க போகும்? பாலத்தைத் தாண்டிப் புளியந்தீவுக்குள்ள வரும். தீவுக்குள்ள வாறதும் போறதும் பாலங்களாலதான். போதனா வைத்தியசாலை இங்க இருக்கு. அம்புலன்ஸ் பாலத்தில நிண்டா வேற வழியால சுத்தி வரவும் நேரம் போகும். கட்டணத்தைக் கடைத்தெருவோட நிப்பாட்டினாச் சுத்தியுள்ள எல்லா ஒழுங்கையும் இலவசத் தரிப்பிடம் ஆகும். ஆஸ்பத்திரிக்கு முன்னால அதே 20 நிமிஷக் கணக்கும் சரிவராது, நோயாளியைப் பார்க்க வாறவர் அதைவிடக் கனநேரம் நிப்பார். நோயாளியை இறக்கிறதுக்கு வாசல்ல 3 நிமிஷ இடம், பார்க்க வாறவங்களுக்குத் தள்ளி ஒரு தனி இடம். இந்த ரெண்டும் இல்லாம ஒரு தெருவில மட்டும் காசு வாங்கிறதை நான் எதிர்க்கிறன்.

வாவிக்கரை
அக்கா/அண்ணன், வழிஞ்சு போறது உண்மைதான். எல்லை கடைத்தெருவில இருந்து 300 மீற்றர் வரை போக வேணும். அதுக்கு வெளியில நிறுத்திட்டு நடக்க நாலஞ்சு நிமிஷம். வேலைக்கு வாறவங்கட பைக்குகளை அங்க வைக்கலாம், அவங்களுக்கு நாளைக்கு ரெண்டு தரம்தான் நடை.

@சில்லறைக்கடை, இறக்கிற இடத்துக்கு நான் முழுச் சம்மதம். ஆனா காசு இல்லாத 3 மாசத்தில அந்த 10 மீற்றரில என்ன நிக்கும்? பக்கத்துக் கடைட சொந்த வான். "இப்பத்தான் இறக்கினன்" எண்டு சொன்னா ஆர் மறுக்கிறது? துண்டில அடிச்ச நேரம் இருந்தாத்தான் மறுக்கலாம்.

அளவுநாடா
இரண்டு பேரும் ஊகத்தில் பேசாமல் அளந்து பாருங்கள். 200 மீற்றர் தெரு, பக்கத்துக்கு ஒரு ஆள், ஒரு கொப்பி. காலை 8 மணிக்கு நடக்கத் தொடங்கி, நிற்கும் ஒவ்வொரு வாகனத்தின் கடைசி நாலு இலக்கத்தையும் வகையையும் எழுதுங்கள். அரை மணித்தியாலத்துக்கு ஒரு சுற்று, 6 மணி வரை 21 சுற்று. ஒரு இலக்கம் ஒரே சுற்றில் மட்டும் வந்தால் அது குறுகிய தரிப்பு. தொடர்ந்து 4 சுற்றில் வந்தால் ஏறக்குறைய 2 மணித்தியாலம். 15 சுற்றுக்கு மேல் வந்தவை கடைத்தெருவிலேயே வேலை செய்பவர்களுடையவை. சனிக்கிழமை ஒரு தடவை, வேலை நாளில் ஒரு தடவை. இறக்கும் லொறிக்கு மட்டும் வந்த நேரம், போன நேரம் தனியாக. தைப்பொங்கல், பெருநாள், புத்தாண்டு முன்கிழமைகளில் எடுக்க வேண்டாம், அது சாதாரண நாளைக் காட்டாது.

சில்லறைக்கடை
எடுங்க, கடைப் பக்கத்துக்கு நான் ஆள் தாறன். ஒரு நிபந்தனை: நடைபாதையில ஏறி நிக்கிற பைக்கையும், கடைக்கு முன்னால வெளியில வச்சிருக்கிற சாமானையும் அதே கொப்பியில மீற்றர் கணக்கில எழுத வேணும். தெருவைப் பிடிச்சிருக்கிறது வாகனம் மட்டும் இல்ல.

மூணு சில்லு
ஓட்டோ ஸ்டாண்டைத் தனிப் பக்கத்தில எழுதுங்க. ஓட்டோ ஒரே இடத்தில நிண்டாலும் இலக்கம் மாறிக்கொண்டே இருக்கும், கலந்தா உங்கட கணக்குப் பிழைக்கும்.