காயம் பற்றிய ஆங்கில மரபுத்தொடர்களுக்குத் தமிழ் வழக்கு வேண்டும்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயில் மண்டபத்தில், எஸ்.பி.எம். (இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வு) எழுதப் போகும் ஒன்பது பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். மனக்காயம் பற்றிய மரபுத்தொடர்களில் நிற்கிறோம்.

‘காயத்தில் உப்பைத் தேய்ப்பது’ சுலபம். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்றதும் புரிந்துகொண்டார்கள். ‘அடியோடு அவமானத்தையும் சேர்ப்பது’ என்பதற்கு, மரத்திலிருந்து விழுந்தவனை மாடு மிதித்த கதையைச் சொன்னேன். மலாய்ப் பழமொழியில் விழுந்தவன் மேல் ஏணி விழும். ஆனால் மாட்டுக்கும் ஏணிக்கும் அவமானப்படுத்தும் எண்ணம் கிடையாதே! இதைவிடப் பொருத்தமானது இருக்கிறதா?

பெரிய சிக்கல், ‘தன் காயத்தைத் தானே நக்கிக்கொள்வது’. தோற்றவர் கொஞ்ச நாள் ஒதுங்கியிருந்து மனத்தைத் தேற்றிக்கொள்வதைச் சொல்வது அது. சண்டையில் அடிபட்ட நாய் மூலையில் படுக்குமே, அதுபோல. அப்படியே தமிழில் சொன்னால் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள்.

‘பழைய காயத்தைத் திறப்பது’ பற்றிப் பேசும்போது, ஒரு பிள்ளை தன் பாட்டி பால்மரம் வெட்டியதை, அதாவது ரப்பர் மரத்துப் பட்டையைக் கத்தியால் சீவிப் பால் எடுத்ததைச் சொன்னாள். கத்தி ஆழமாக இறங்கிவிட்டால் அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளருமாம். மறுபடி அங்கே வெட்டுவது கஷ்டமாம். எனக்கு அது மனத்திலேயே நின்றுவிட்டது.

இதை வைத்துத் தோட்டத்து மக்கள் ஏதாவது சொல்வழக்கு பேசியிருக்கிறார்களா? உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அடுத்த வகுப்பு வெள்ளிக்கிழமை.