பொருள்: உட்புற்று தோலில் வந்து வளர்வதற்கு 'தோல் குடியேற்றம்'

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

உள்ளுறுப்பில் தோன்றிய புற்று தோலில் கட்டியாக வெளிப்படும் நிலைக்கு (cutaneous metastasis) தமிழ்க் கலைச்சொற்களாக இங்கு முன்வைக்கப்பட்ட 'இரண்டாம்நிலைத் தோல் புற்று', 'தோல் பரவல்' ஆகிய இரண்டையும், ராயபுரத்தில் தோல் மருத்துவம் பார்ப்பவள் என்ற முறையில் என்னால் ஏற்க இயலவில்லை.

முதற்சொல்லைக் கேட்கும் நோயாளி, நோய் இரண்டாம் கட்டத்தில்தான் இருக்கிறது என்று ஆறுதல் கொள்வார்; ஆனால் தொலைவிலுள்ள உறுப்பிலிருந்து குருதி வழியாகவோ நிணநீர் வழியாகவோ தோலை வந்தடைந்த புற்று, நோய் மிக முற்றிய நான்காம் நிலையைச் சேர்ந்தது. அது தோல் புற்றும் அன்று. திசு ஆய்வில் தெரிவன நுரையீரலின் அல்லது மார்பகத்தின் புற்றணுக்களே. மருத்துவமும் அந்த மூலப் புற்றுக்கு உரியதே.

'பரவல்' இதைவிடத் தீங்கானது. காசிமேட்டிலிருந்து வந்த மூதாட்டி ஒருவருக்கு, மார்பின் அறுவைத் தழும்பையொட்டிப் பட்டாணி அளவில், வலியற்ற, கெட்டியான முடிச்சுகள் இருந்தன. நோய் 'பரவிடுச்சு' என்று முன்பே எங்கோ கேட்டிருந்த மருமகள் என்னைத் தனியே அழைத்து, "டாக்டரம்மா, குழந்தைங்களுக்கு ஒட்டிக்குமா?" என்றார். வீட்டில் தட்டும் சோப்பும் அதற்குள் பிரிக்கப்பட்டிருந்தன. அம்மையும் காய்ச்சலும் பரவும் என்றே கேட்டு வளர்ந்தவர்களிடம் அதே வினைச்சொல்லை நாம் கொடுக்கக் கூடாது.

ஆகவே 'தோல் குடியேற்றம்' என்பதை முன்மொழிகிறேன். புற்றணு விதை போன்றது, அது தனக்கேற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று 1889இல் ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட் எழுதிய கருத்துக்கும் இச்சொல் பொருந்துகிறது. புணர்ச்சி விதிப்படி 'தோற்குடியேற்றம்' என்று சேர்த்தெழுத வேண்டாம்; 'தோற்கு' என்று கண்ணில் படுவதை நோயாளியின் கையிலுள்ள தாளில் நான் விரும்பவில்லை.

அடியிலுள்ள மார்பகக் கட்டி நேராக மேல்தோலைத் துளைத்துப் புண்ணாவதற்கு இச்சொல்லை ஆளலாகாது. அதற்குத் 'தோல் ஊடுருவல்' போதும். இந்த வேறுபாட்டை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு: தொலைவுறுப்புகளில் நோய் இல்லாதவரை ஊடுருவல் மூன்றாம் நிலையாகவே கொள்ளப்படுகிறது, முழுக் குணத்தை நாடி மருத்துவம் செய்ய அங்கு இடமிருக்கிறது. குடியேற்றத்தில் பெரும்பாலும் நோயைக் கட்டுக்குள் வைப்பதே நோக்கம். அதிலும் நோயின் போக்கைப் பற்றிய முன்கணிப்பு ஒன்றுபோல் இராது; நுரையீரலிலிருந்து வந்ததெனில் பலருக்கு வாழ்நாள் மாதக் கணக்கில் சுருங்கிவிடுகிறது, மார்பகத்திலிருந்து வந்து தோலோடு நின்றதெனில் சிலர் ஆண்டுக்கணக்கில் வாழ்கின்றனர். எனவே 'மார்பகப் புற்றின் தோல் குடியேற்றம்' என மூல உறுப்பையும் சேர்த்தே எழுதுவோம்.

வயிறு, குடல், சினைப்பை, கணையம் ஆகியவற்றின் புற்று தொப்புளில் முடிச்சாக வருவதைத் 'தொப்புள் குடியேற்றம்' எனலாம். அறுவை அரங்கில் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் மேயோவுக்குத் துணைநின்ற செவிலி மேரி ஜோசப்பின் பெயரை ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஹாமில்டன் பெய்லி 1949இல் அதற்குச் சூட்டினார். அப்பெயரும் பதிவில் உடனிருக்கட்டும்.