பிக் என்றால் பன்றியா, பெரியதா?

கொரோனாவில் விட்டுப்போன படிப்பை மாலையில் சொல்லித்தரும் தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2022 தொடக்கத்தில் எங்கள் ஊருக்கு வந்தபோது நானும் தன்னார்வலராகச் சேர்ந்தேன். மாலை 5 மணிக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் பதினேழு பிள்ளைகள். கொரோனாவால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்பறையையே பார்த்திருக்காத காலம் அது. ஆங்கிலம் என்றாலே தரையைப் பார்ப்பார்கள். சரி, விளையாட்டாகவே தொடங்குவோம் என்று "பாட்டி சேஸ், டச் யுவர் நோஸ்" விளையாடினோம். பாட்டி சொன்னால் மட்டும் செய்ய வேண்டும், வெறுமனே "டச் யுவர் நோஸ்" என்றால் அசையக் கூடாது.

ஒரு வாரம் எனக்கு ஒரே பெருமை, எல்லோரும் சரியாகத் தொடுகிறார்களே என்று. அப்புறம்தான் கவனித்தேன், முன்வரிசையில் ஒரு பெண் என்ன செய்கிறாளோ அதைத்தான் மற்ற பதினாறு பேரும் செய்கிறார்கள். கண்ணை மூடச் சொல்லிவிட்டு "இயர்" என்றேன். ஒருத்தன் முட்டியைத் தொட்டான், ஒருத்தி வயிற்றை. அன்றிலிருந்து கண்ணை மூடித்தான் விளையாட்டு.

அடுத்த சிக்கல் பன்றி. பன்றிக்கும் பெரியதுக்கும் ஆங்கிலத்தில் (pig, big) முதல் எழுத்து வேறு, ஒலியும் வேறு. நமக்கோ இரண்டுமே 'பிக்'தான், ஒரே 'ப'. எத்தனை முறை சொல்லிக் காட்டினாலும் பிள்ளைகள் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. பழைய நோட்டிலிருந்து விரல் அகலத்துக்குத் தாளைக் கிழித்து ஆளுக்கொன்று கொடுத்து, வாய்க்கு முன்னால் பிடிக்கச் சொன்னேன். பன்றிக்கான 'பிக்'கில் வாயிலிருந்து காற்று வேகமாக வரும், தாள் ஆட வேண்டும்; பெரியதுக்கான 'பிக்'கில் ஆடக் கூடாது. முதல் நாள் திண்ணை முழுக்க எச்சில். ஆனால் காதுக்குப் பிடிபடாதது கண்ணுக்குப் பிடிபட்டுவிட்டது. நான்காம் நாள் ஒரு பொடியன் "பிக் பிக்" என்று சொல்லிவிட்டு, தாள் முதலில் ஆடவில்லை, இரண்டாவதில் ஆடியது, அப்படியென்றால் பெரிய பன்றிதானே அக்கா என்று கேட்டான்.

*

தாள் யோசனையை நாளைக்கே எடுத்துக்கொள்கிறேன், அக்கா. நான் அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். எனக்கு மாட்டியது 'இஸ்கூல்'. மெய்யெழுத்தில் சொல் தொடங்காது என்று நாம் இலக்கணத்தில் படித்தோமே, பிள்ளையின் நாக்கு படிக்காமலே அதைச் செய்கிறது, திட்டி என்ன பயன்? முற்றத்தில் பாண்டிக் கட்டம் போட்டேன். முதல் கட்டத்தில் பாம்பு மாதிரி 'ஸ்ஸ்ஸ்', மூச்சை விடாமல் அடுத்த கட்டத்துக்குத் தாவி 'கூல்'. நின்று மூச்சு வாங்கினால் ஆட்டம் போச்சு. ஸ்டார், ஸ்பூன் எல்லாம் இப்படியே தாவித் தாவி வந்தன. தலைமையாசிரியர் ஒருமுறை எட்டிப் பார்த்து "இது வகுப்பா, விளையாட்டுப் பீரியடா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை, ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு அவர் முன்னால் தாவச் சொன்னேன், அவரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

*

இரண்டு பேரும் நல்லதையே எழுதிவிட்டீர்கள், நான் சொதப்பியதைச் சொல்கிறேன். தனியார் பள்ளி ஒன்றில் யுகேஜி எடுத்தபோது படஅட்டை விளையாட்டு வைப்பேன். படத்தின் பெயரை ஆங்கிலத்தில் சொல்லாதவர் அவுட், கடைசிவரை நிற்பவருக்குச் சாக்லெட். இரண்டு மாதம் அதே மூன்று பிள்ளைகள்தான் சாக்லெட் தின்றார்கள். தெரியாத பிள்ளை முதல் சுற்றிலேயே அவுட் ஆகி, மீதி நேரமெல்லாம் சுவரோரம் உட்கார்ந்திருக்கும். யாருக்கு அதிகப் பயிற்சி வேண்டுமோ அவர்களைத்தான் நான் முதலில் வெளியே அனுப்பியிருக்கிறேன்! இது புரியவே எனக்கு அந்த இரண்டு மாதம் ஆனது.

பிறகு விதியை மாற்றினேன். அவுட் ஆனவர்தான் அட்டையைத் தூக்கிக் காட்டி "வாட் இஸ் திஸ்?" என்று கேட்க வேண்டும், பதில் சரியா தவறா என்பதையும் அவரே சொல்ல வேண்டும். அட்டையின் பின்பக்கம் பார்த்தாவது அந்தச் சொல்லைப் படித்தே ஆக வேண்டும் அல்லவா. வாயே திறக்காத ஒரு பையன் கேள்வி கேட்கும் ஆசையில் வேண்டுமென்றே அவுட் ஆகத் தொடங்கினான். 'மேங்கோ' தெரிந்துகொண்டே 'ஆப்பிள்' என்பான், கண்டுபிடித்துவிட்டேன் என்று நான் முறைத்தால் ஓடிவந்து அட்டையைப் பிடுங்கிக்கொள்வான்.