முனைவர் பட்ட விண்ணப்பம்: சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லாதபோது என்ன எழுதுவது?

கேள்வி: மலர்விழி

அனைவருக்கும் வணக்கம். நுண்ணுயிரியலில் முதுகலை இறுதியாண்டு படிக்கிறேன். டிசம்பரில் கடைசி நாள் வைத்திருக்கும் முனைவர் பட்டத் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். பெரும்பாலானவை அமெரிக்காவில், ஒன்றிரண்டு ஐரோப்பாவில். எஸ்.ஓ.பி. (என்ன ஆய்வு, ஏன் இந்தத் துறை என்று நாமே எழுதும் நோக்க அறிக்கை) எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. இதுவரை எழுதிய தொடக்கம் இது:

"சிறு வயது முதலே அறிவியல் மீது எனக்குத் தீராத ஆர்வம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களின் உலகம் என்னை எப்போதும் வியப்பில் ஆழ்த்தி வந்திருக்கிறது."

என் ஆய்வுத்திட்டம் மிகச் சாதாரணமானது. சூடோமோனாஸ் ஏருஜினோசா பாக்டீரியா உருவாக்கும் உயிர்ப்படலத்தை (பரப்பில் ஒட்டிக்கொண்டு கூட்டமாக வளரும் படலம், பயோஃபிலிம்) ஒரு தாவரச் சாறு எந்த அளவுக்குத் தடுக்கிறது என்று கிரிஸ்டல் வயலெட் சாயம் ஏற்றி அளந்தேன். சாறு பெரிதாக எதையும் தடுக்கவில்லை. சிறு குழிகள் கொண்ட சோதனைத் தட்டின் ஓரங்களில் அளவுகள் தாறுமாறாக வந்ததால் முதல் சில மாதங்கள் அதைச் சரிசெய்வதிலேயே போய்விட்டன. கட்டுரை எதுவும் வெளியாகவில்லை. மூன்றாவது செமஸ்டரில் மதிப்பெண்ணும் குறைவு. அப்போது வீட்டில் ஒருவரை மருத்துவமனையில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பரிந்துரைக் கடிதத்துக்குத் துறைத் தலைவரைக் கேட்கலாமா? அவருக்கு என்னை வகுப்பில் பார்த்த பழக்கம்தான், ஆனால் பெரிய பெயர். என் நெறியாளர் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆனவர். ஜி.ஆர்.இ. நுழைவுத் தேர்வு கட்டாயமா? பேராசிரியர்களுக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்ப வேண்டுமா? தெரிந்தவர்கள் வழிகாட்டுங்கள்.

பதில்: செழியன்

தேர்வுகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உயிரியல் துறைகளில் பல திட்டங்கள் ஜி.ஆர்.இ. கேட்பதை நிறுத்திவிட்டன. பல்கலைக்கழகத்தின் பொதுப் பக்கத்தை நம்பாதீர்கள், அந்தத் துறையின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரு துறை கேட்கும், அடுத்த துறை கொடுத்தாலும் பார்க்காது. எழுத நேர்ந்தால், 2023 செப்டம்பர் முதல் தேர்வு இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. மொழிப் பகுதிக்கும் கணிதப் பகுதிக்கும் தனித்தனியே 130 முதல் 170 வரை மதிப்பெண். அது ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். டோஃபல், ஐ.இ.எல்.டி.எஸ். ஆகிய ஆங்கிலத் தேர்வுகளின் மதிப்பெண்களுக்கு ஆயுள் இரண்டே ஆண்டுகள்தான், எழுதும் தேதியைக் கணக்குப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

விண்ணப்பக் கட்டணம் சுமையாக இருந்தால் விலக்கு உண்டா என்று துறை அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். விண்ணப்பத்தைச் சமர்ப்பிப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

பதில்: கோதை

தங்கைக்கு,

ஒரு துறையின் சேர்க்கைக் குழுவில் பல ஆண்டுகள் இருந்து விண்ணப்பங்களைப் படித்தவள் நான். உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு ஆற்றாமையாக இருந்தது. சொல்ல வேண்டிய ஒன்றை "அதைச் சரிசெய்வதிலேயே போய்விட்டன" என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டீர்கள். சொல்லத் தேவையில்லாத சிறுவயது ஆர்வத்துக்குத் தொடக்கத்தையே கொடுத்துவிட்டீர்கள். விண்ணப்பிக்கும் எல்லோருக்கும் ஆர்வம் இருக்கிறது, இல்லாவிட்டால் விண்ணப்பிக்கவே மாட்டார்கள். அதைப் படிக்கும்போது என் கண் தானாகவே அடுத்த பத்திக்குப் போய்விடும்.

அந்த ஓரக் குழிகளைப் பற்றிச் சொல்லுங்கள். 96 குழிகள் கொண்ட தட்டில் விளிம்பில் இருப்பவை 36. இன்குபேட்டரில் வைத்திருக்கும் நேரத்தில் அவற்றிலிருந்து நீர் அதிகமாக ஆவியாகிறது, பாக்டீரியா வளரும் ஊட்டக் கரைசல் செறிவாகிவிடுகிறது, வளர்ச்சி மாறுகிறது. இந்தத் தொல்லை ஆய்வகங்களில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் உங்களுக்கு யாராவது சொன்னார்களா, அல்லது நீங்களே ஐயப்பட்டுச் சோதித்தீர்களா? சோதித்தீர்கள் என்றால் எப்படி? எண்கள் சரியில்லை என்று எந்த நாள் உறைத்தது, முதலில் எதைச் சந்தேகித்தீர்கள், எதை மாற்றிப் பார்த்தீர்கள்? இதைத்தான் நான் படிக்க விரும்புவேன். முனைவர் பட்ட ஆய்வு ஐந்தாறு ஆண்டுகள் நீளும். அதில் பெரும்பகுதி, எதிர்பார்த்தது நடக்காத நாட்கள். அந்த நாட்களில் இந்த மாணவி என்ன செய்வாள் என்பதை மதிப்பெண் பட்டியல் எனக்குச் சொல்லாது. உங்கள் ஓரக் குழிகள் சொல்லும்.

சாறு வேலை செய்யவில்லை என்பதிலும் வெட்கப்பட எதுவும் இல்லை. அங்கிருந்து ஒரு படி மேலே போங்கள். கிரிஸ்டல் வயலெட் உயிருள்ள செல், இறந்த செல், சுற்றியுள்ள கூழ்ப்பொருள் எல்லாவற்றிலும் ஒட்டும். ஆகவே உங்கள் அளவீடு தட்டில் எவ்வளவு பொருள் ஒட்டியிருக்கிறது என்பதை மட்டுமே காட்டியது. உள்ளே எத்தனை செல்கள் உயிரோடு இருந்தன என்று அதற்குத் தெரியாது. இதை நீங்களே எடுத்துச் சொல்லி, காலனி எண்ணிக்கையையும் (உயிருள்ள செல்களை வளர்த்து எண்ணுவது) சேர்த்துப் பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்று இரண்டு வரி எழுதினால், படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். அங்கிருந்து உங்கள் அடுத்த கேள்விக்கு வாருங்கள்: உயிர்ப்படலத்துக்குள் இருக்கும் செல்கள் ஆன்டிபயாடிக்குகளுக்கு ஏன் அவ்வளவு எளிதில் மடிவதில்லை என்பதா? செல்கள் பரப்பில் முதலில் ஒட்டிக்கொள்ளும் கட்டமா? எது உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறதோ அதை எழுதுங்கள்.

அதன் பிறகு வருவது, ஏன் இந்தத் துறை என்கிற பத்தி. "உலகப் புகழ்பெற்ற ஆசிரியர்கள், நவீன வசதிகள்" என்று எழுதாதீர்கள். அவர்களுக்கு அது தெரியும். இரண்டு மூன்று ஆய்வகங்களின் அண்மைக் கட்டுரைகளை உண்மையிலேயே படித்து, அதில் எந்தக் கேள்வி உங்கள் கேள்வியோடு தொடுகிறது என்று எழுதுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரை மாற்றினாலும் அந்தப் பத்தி அப்படியே பொருந்துகிறது என்றால் அழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். இதற்குத்தான் நேரம் அதிகம் பிடிக்கும். அதனால்தான் பட்டியலை நீட்டாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

மூன்றாவது செமஸ்டருக்கு இரண்டு வாக்கியம் போதும்: என்ன நடந்தது, பிறகு மதிப்பெண் எப்படி மீண்டது. மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம். விண்ணப்பத்தில் கூடுதல் விவரங்களுக்கென்று தனி இடம் இருந்தால் அங்கே எழுதுங்கள், எஸ்.ஓ.பி.யில் அந்த இடம் ஆய்வுக்கே இருக்கட்டும். மதிப்பெண்ணை நீங்களாகவே 4 புள்ளி அளவுக்கு மாற்றிப் போடவும் வேண்டாம். படிவம் கேட்டால் ஒழிய, சான்றிதழில் உள்ளபடியே கொடுங்கள்.

இனி கடிதம். தயங்காமல் நெறியாளரைக் கேளுங்கள். பெரிய பதவியில் இருப்பவர் "இந்த மாணவி என் பாடத்தில் நல்ல மதிப்பெண் பெற்றார், ஒழுக்கமானவர், வாழ்த்துகள்" என்று எழுதிய கடிதங்கள் எத்தனையோ என் கையில் வந்திருக்கின்றன. அவற்றில் சான்றிதழில் இல்லாத செய்தி ஒன்றும் இருப்பதில்லை. பக்கத்தில் நின்று பார்த்த இளம் ஆசிரியர் "தட்டின் எண்களை நான் ஏற்றுக்கொண்ட பிறகும் இவர் ஏற்றுக்கொள்ளவில்லை" என்று எழுதினால், அந்த ஒரு வரியைக் குழுவில் உரக்கப் படித்துக் காட்டுவோம். பொதுவாக மூன்று கடிதங்கள் கேட்பார்கள். முதல் கடிதம் நெறியாளருடையது. மற்ற இரண்டுக்கும் உங்கள் செய்முறைகளையோ கருத்தரங்க உரையையோ நேரில் பார்த்தவர்களைத் தேடுங்கள். அப்படி யாரும் மிஞ்சாவிட்டால் மூன்றாவது இடத்தில் துறைத் தலைவர் இருக்கட்டும்.

கேட்கும்போது "கடிதம் தருவீர்களா" என்று கேட்காமல், "என்னை வலுவாகப் பரிந்துரைக்க முடியும் என்று நினைக்கிறீர்களா" என்று கேளுங்கள். தயங்குகிறவர் நாகரிகமாக விலகிக்கொள்ள வழி கிடைக்கும். ஒப்புக்கொண்டவருக்கு எஸ்.ஓ.பி. வரைவு, சி.வி., விண்ணப்பிக்கும் இடங்கள், கடைசி நாட்கள், கூடவே நீங்கள் அவரிடம் செய்த வேலைகளை நினைவூட்டும் ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள். "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று யாராவது சொன்னால், குறிப்புகளை மட்டும் கொடுத்து, "எழுதுவது உங்கள் சொற்களில் இருந்தால் நன்றாக இருக்கும்" என்று அவரிடம் பணிவாகச் சொல்லுங்கள். மூன்று கடிதங்களும் ஒரே குரலில் வந்தால் படிப்பவருக்குத் தெரிந்துவிடும், பிறகு எதையும் நம்பத் தோன்றாது. அமெரிக்கப் படிவங்களில் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். விட்டுக்கொடுங்கள். இல்லையென்றால் கடிதம் எழுதியவர் மனம் திறந்து எழுதியிருப்பாரா என்ற ஐயம் வரும்.

பதில்: பொன்னி

கோதை அம்மா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், நான் இப்போது முனைவர் பட்ட மாணவி. மின்னஞ்சல் விஷயம் நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவில் உயிரியல் திட்டங்கள் பெரும்பாலும் மாணவரைத் திட்டத்துக்குத்தான் எடுக்கின்றன. முதல் ஆண்டில் சில ஆய்வகங்களில் சிறிது காலம் வேலை செய்து பார்த்த பிறகே நெறியாளர் முடிவாவார். அங்கே மின்னஞ்சல் கட்டாயமில்லை. இந்த ஆண்டு மாணவர் எடுக்கிறீர்களா என்று ஐந்தாறு வரியில் கேட்டால் போதும். ஐரோப்பாவில் பல இடங்களில் முனைவர் பட்ட இடம் என்பதே ஒரு வேலைவாய்ப்பு அறிவிப்பு. சம்பளம் உண்டு, முதுகலை முடித்திருக்க வேண்டும், அந்த அறிவிப்பில் உள்ள ஆய்வுக்கேற்றபடி கடிதம் எழுத வேண்டும். அமெரிக்காவுக்கு எழுதிய எஸ்.ஓ.பி.யை அப்படியே அங்கே அனுப்பினால் எடுபடாது.

இடம் கிடைத்த பிறகு அவசரப்படுத்தினால் பயப்படாதீர்கள். அமெரிக்காவில் ஏப்ரல் 15 உடன்பாட்டில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள், நிதியுதவியோடு இடம் கொடுத்தால் அந்தத் தேதிக்கு முன் முடிவு சொல்லும்படி உங்களை நிர்ப்பந்திக்கக் கூடாது.

மலர்விழி

கோதை அம்மாவுக்கு மிக்க நன்றி. எனக்கு யாரும் சொல்லவில்லை. சாறே சேர்க்காமல், 96 குழிகளிலும் ஒரே கலவையை ஊற்றி ஒரு தட்டு வைத்தேன். எல்லாம் ஒரே அளவு காட்ட வேண்டும், ஆனால் நான்கு ஓரமும் தனியாகத் தெரிந்தது. முதலில் திரவத்தை அளந்து ஊற்றும் பிப்பெட்டைத்தான் சந்தேகித்தேன், வேறு பிப்பெட்டிலும் அதேதான் வந்தது. பிறகு ஓரங்களில் நுண்ணுயிர் நீக்கிய நீரை நிரப்பிவிட்டு உள்ளே இருப்பவற்றை மட்டும் பயன்படுத்தினேன். இப்படித் தொடங்கலாமா?

"சாறு உயிர்ப்படலத்தைத் தடுப்பதாக என் முதல் முடிவுகள் காட்டின. சாறு ஊற்றிய குழிகள் தட்டின் நடுவிலும், ஊற்றாதவை ஓரத்திலும் இருந்ததை நான் கவனித்தபோது அந்த முடிவுகள் மீது நம்பிக்கை போயிற்று. இந்தச் சிக்கலை வெற்றிகரமாகத் தீர்த்தேன்."

கோதை

இதே பெண்தானா முதலில் அந்த "தீராத ஆர்வம்" எழுதியது! முதல் இரண்டு வாக்கியங்களில் கை வைக்காதீர்கள். மூன்றாவதை எடுத்துவிட்டு, எங்களுக்கு இங்கே சொன்னதை அப்படியே எழுதுங்கள்: ஒரே கலவை ஊற்றிய தட்டு, பிப்பெட்டை மாற்றியது, பிறகு உள்ளே உள்ள 60 குழிகளை மட்டும் எடுத்துக்கொண்டது. வெற்றியா இல்லையா என்பதைப் படிப்பவரே முடிவு செய்துகொள்வார். அதற்கடுத்த பத்தியில், திருத்திய தட்டில் சாறு ஏன் ஒன்றும் செய்யவில்லை என்று நீங்கள் நினைப்பதை எழுதுங்கள்.

நெறியாளருக்குக் கொடுக்கும் குறிப்பில் அந்தத் தட்டின் எண்களையும் சேர்த்துவிடுங்கள். இந்த வாரமே கேளுங்கள். நவம்பர் கடைசியில் எல்லா மாணவர்களும் அவர் அறை வாசலில் வந்து நிற்பார்கள்.