பூநாரைப் படத்தில் மின்கம்பியை அழிக்கலாமா?

தடா_நாரை:
சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலையில், அட்டகானிதிப்பா பக்கம் பழவேற்காடு ஏரியில் எடுத்த பூநாரைப் படம் ஒன்றை எங்கள் பறவை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இங்கேயும் போட்டிருக்கிறேன். அசலில் பின்னால் ஒரு மின்கம்பம், இரண்டு கம்பி, தண்ணீரில் நட்ட வலைக் கழிகள் நாலைந்து இருந்தன. எடிட்டிங் செயலி அதையெல்லாம் தானே கண்டுபிடித்துக் கட்டம் போட்டுக் காட்டியது. ஒரு தட்டு, எல்லாம் போய்விட்டது. குழுவில் இதைப் ‘பொய்ப் படம்’ என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. கரையில் நிற்கிறபோது நாம் பறவையைத்தான் பார்க்கிறோம், கம்பி கண்ணில் படுவதே இல்லை. லென்ஸுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்துவிடுகிறது. நான் பார்த்ததைத்தான் மீட்டு எடுத்தேன். இது அடுத்த வருஷக் காலண்டருக்கான படம். இதைப் பார்த்து நாலு பேருக்கு ஏரி மேல் ஆசை வந்தால் நல்லதுதானே?

நெலப்பட்டு_கூழைக்கடா:
தம்பி, வெளிச்சம் அருமையாக வந்திருக்கிறது. ஆனால் படத்தைப் பெரிதாக்கி, இடமிருந்து மூன்றாவது பறவையைப் பாருங்கள். பூநாரை ஒற்றைக் காலில் நிற்கும், சரி. அப்போது இன்னொரு காலை மடக்கி வயிற்றோடு சேர்த்து வைத்திருக்கும். இங்கே கால் நேராகத் தொங்கி, பாதியில் காணாமல் போகிறது. செயலி அதையும் கழி என்று நினைத்து எடுத்துவிட்டது. கழிகளை எடுத்த இடத்தில் அவற்றின் நிழல் மட்டும் தண்ணீரில் கோடு கோடாக மிச்சம் இருக்கிறது.

அதன் பக்கத்துப் பறவை தலையைக் கவிழ்த்து மேய்கிறது, ஆனால் காலைச் சுற்றித் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. பூநாரை காலால் சேற்றைக் கிளறி, அந்தக் கலங்கலை அலகால் வடிகட்டித்தான் சாப்பிடும். அந்தக் கலங்கலையும் அழுக்கு என்று துடைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

கம்பி விஷயம் இன்னும் பெரியது. பெரிய பறவைகளுக்கு மின்கம்பி எமன். ராஜஸ்தானில் கானமயில்கள் (கிரேட் இந்தியன் பஸ்டர்ட் என்கிற பெரிய பறவை) கம்பியில் மோதிச் சாவதால்தான், முடிந்த இடங்களில் கம்பிகளை நிலத்துக்கடியில் கொண்டுபோகச் சொல்லி 2021இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024இல் அதைத் தளர்த்திவிட்டார்கள், அது தனிக்கதை. நாம் எடுக்கும் எல்லாப் படத்திலும் கம்பியை அழித்துவிட்டு, நாளைக்கு எதைக் காட்டி ‘இங்கே ஆபத்து இருக்கிறது’ என்று கேட்பது?

கும்மிடி_ஸ்டூடியோ:
நான் தம்பி பக்கம், முழுசாக இல்லை. படத்தில் கைவைப்பது நேற்று வந்த பழக்கமா? நெகட்டிவ் காலத்திலேயே பென்சிலால் டச்சப் செய்த தொழில் எங்களுடையது. போட்டோஷாப்பில் 2002இல் ஹீலிங் பிரஷ் வந்தது, 2010இல் கன்டென்ட் அவேர் ஃபில் வந்தது. அவை அதே படத்தில் பக்கத்தில் இருப்பதை எடுத்து ஒட்டுபவை. 2023இல் வந்த ஜெனரேட்டிவ் ஃபில் வேறு ரகம். எங்கெங்கோ கோடிக்கணக்கான படங்களில் கற்றதை வைத்துப் புதிதாக வரைகிறது. கழி இருந்த இடத்தில் இப்போது தெரிவது பழவேற்காட்டுத் தண்ணீரே இல்லை. அது எனக்கும் உறுத்துகிறது.

ஆனால் காலண்டர் அழகுக்காக. சுவரில் மாட்டுகிறவர் அதை வைத்து ஆராய்ச்சி செய்யப்போவதில்லை. போட்டிக்கு அனுப்பினால் மட்டும் கூடாது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர்ப் படப் போட்டியில் கேமரா சென்சாரில் ஒட்டிய தூசியின் புள்ளியைத் துடைக்கலாம், ஓரத்தை வெட்டலாம், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம். இருந்த பொருளை எடுக்கவும் முடியாது, இல்லாததைச் சேர்க்கவும் முடியாது.

பாடு_வலை:
அண்ணா, எல்லோரும் கம்பியைப் பற்றியே பேசுகிறீர்கள். அழித்த கழிகளைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே?

நான் ஏரிக்கரை மீனவக் குடும்பம். எங்கள் பக்கத்தில் பாடு என்று ஒரு முறை உண்டு. எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை கட்டுவது என்று ஊருக்குள்ளேயே முறை வைத்துப் பிரித்துக்கொள்வோம். அந்தக் கழி நட்டிருப்பது ஒரு வீட்டின் அன்றைய முறை. உங்கள் கண்ணுக்கு அது இடைஞ்சல், எங்களுக்கு அது அடுப்பு எரிகிற வழி.

அழகு என்றாலே ஆள் இல்லாத ஏரி என்று வருஷா வருஷம் காலண்டரில் பார்த்துப் பழகினவர்கள் நேரில் வரும்போது, ‘பறவை வருகிற இடத்தில் இவர்கள் ஏன் வலை கட்டுகிறார்கள்?’ என்று எங்களைக் கேட்கிறார்கள். எங்கள் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள். பூநாரையும் நாங்களும் ஒரே தண்ணீரில்தான் பிழைக்கிறோம். ஒருத்தரை அழித்தால்தான் இன்னொருத்தர் அழகு என்றால், அந்த அழகு எங்களுக்கு வேண்டாம்.

தடா_நாரை:
அண்ணா, கழி விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். கழிகள் இருக்கும் படத்தையே அச்சுக்குக் கொடுக்கிறேன். கால் போன பறவையும் அதோடு சரியாகிவிடும். ஆனால் கம்பியில் நான் மாறவில்லை. எல்லாப் படமும் சாட்சிப் பத்திரமாக இருக்க வேண்டியதில்லை. கீழே ‘மின்கம்பி நீக்கப்பட்டது’ என்று ஒரு வரி போடுகிறேன். அசல் கோப்பு என்னிடம் பத்திரமாக இருக்கும். கம்பியை எதிர்த்து யாராவது மனு கொடுத்தால் அந்த அசலை நானே தருகிறேன்.

நெலப்பட்டு_கூழைக்கடா:
அந்த வரி படத்தோடு கூடவே போகுமா? வாட்ஸ்அப்பில் நாலு கை மாறினால் வரி போய்விடும், படம் மட்டும் சுற்றும். இன்னொன்று. சில பறவைகளின் காலில் ஆராய்ச்சியாளர்கள் வளையம் மாட்டி விடுகிறார்கள். அதில் இருக்கும் எண் படத்தில் தெளிவாகத் தெரிந்தால், அந்தப் பறவைக்கு எங்கே வளையம் போட்டார்கள் என்று கண்டுபிடித்துவிடலாம். தானாக வேலை செய்யும் செயலிக்கு அதுவும் இடைஞ்சல்தான். எதை எடுத்தது என்று உங்களுக்கே தெரியாதபோது அந்த வரியில் எதை எழுதுவீர்கள்? கம்பி இல்லாத படம் வேண்டுமானால் நாலு எட்டு நகர்ந்து, சாலைக்கு மறுபக்கம் பார்த்து எடுங்கள்.

கும்மிடி_ஸ்டூடியோ:
தம்பி, அந்த வரியைப் படத்துக்கு வெளியே வெள்ளை ஓரத்தில் போட வேண்டாம். படத்துக்குள்ளேயே இடது கீழ் மூலையில் போடுங்கள், வெட்டி அனுப்பினாலும் பாதியாவது மிஞ்சும். எழுத்தை எட்டுப் பாயிண்டுக்குக் கீழே இறக்காதீர்கள், ஆர்ட் பேப்பரில் படிக்க முடியாது.

பாடு_வலை:
‘வலைக் கழி: பாடு முறை’ என்று அதே வரியில் சேர்த்துவிடுங்கள் தம்பி. எங்கள் வீட்டுக்கு ஒரு காலண்டர் எடுத்து வையுங்கள், காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.